பித்தே துயரத்தின் அளவுகோலா?

2020 பிப்ரவரியில் நெய்வேலியின் சுரங்கப் பகுதியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நடந்தது. திரண்டு நின்ற ரசிகர் கூட்டத்தோடு விஜய் ஒரு வாகனத்தின் மேலேறி எடுத்துக்கொண்ட செல்ஃபி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதே ஆண்டு மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் அதே ஊரின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. ஜூலை விபத்தில் 6 தொழிலாளர்கள் அன்றே இறந்தார்கள். தீக்காயங்களோடு சென்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் மேலும் சிலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். படப்பிடிப்புக்கும் விபத்துக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் நடந்த இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும்போது தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுகிறது. துயரத்தைக் காட்டுவதில் நம் சினிமாவுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான தேர்ச்சி உண்டு. மனம் உடைந்தவனை நாயகனாக்கி, அவனுக்காக அரங்கத்தையே அழவைக்க அதற்குத் தெரியும். அந்தத் தேர்ச்சி எந்தத் துயரத்தைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் கடந்துபோகிறது? இழப்புக்குப் பின் ஒரு மனிதர் எப்படி வாழ்கிறார் என்று அது நமக்குச் சொல்லியிருக்கிறதா?

தமிழ்ப் படங்கள் துயரத்தின் ஆழத்தைப் பித்தைக் கொண்டு அளக்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காதலியை இழந்தவன் புத்தி பேதலித்துப் போனால்தான் அவன் காதல் உண்மையானது என்று திரையில் நிறுவப்படுகிறது. மனநோய் அங்கே நோயாக வருவதில்லை. அன்புக்கு வழங்கப்படும் சான்றிதழாக வருகிறது. இந்த வழக்கம் நமக்கு மகத்தான சில படங்களைத் தந்திருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். கூடவே அது இரண்டு கெடுதல்களையும் செய்திருக்கிறது. மனநோய் என்றால் மீட்சி இல்லாத முடிவு என்ற எண்ணத்தை அது ஊன்றியது. பித்தாக வெடிக்காத துயரங்களை, அதாவது பெரும்பாலான மனிதர்கள் வேலைக்குப் போய்க்கொண்டும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் சுமக்கும் துயரங்களை, கதைக்குத் தகுதியற்றவை என்று ஒதுக்கியது. பலமும் பழுதும் ஒரே வேரிலிருந்து வருவதால் இரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

பலத்திலிருந்து தொடங்கலாம். தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர் மேல் கல்லெறிந்த சமூகம் இது. நகைச்சுவைக் காட்சிகளில் கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே சிரிப்பொலி எழும். அங்குள்ள, 1794இல் தொடங்கிய பழமையான மனநல மருத்துவமனை அப்படித்தான் மக்கள் பேச்சில் வசைச்சொல்லாயிற்று. அதே சினிமாதான், அதே பார்வையாளர்களை அந்த மனிதரின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. 1970இல் வந்த ‘எங்கிருந்தோ வந்தாள்’ படத்தில் காதலியை இழந்து நிலைகுலைந்த இளைஞனாக சிவாஜி கணேசன் நடித்தார். அவனைப் பார்த்துக்கொள்ள மனைவிபோல் நடிக்க அழைத்துவரப்படும் பெண்ணாக ஜெயலலிதா. அந்தப் படத்தில் குடும்பம் அவனை ஒளித்துவைக்கத் திணறுகிறது. அவனைத் தொட்டுப் பேசும் துணிச்சல் வெளியிலிருந்து வந்த பெண்ணுக்கே இருக்கிறது. மிகைநடிப்பு என்று இன்று எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் பெரும் நட்சத்திரம் ஒருவர் தன் உடலைக் கோணி, எச்சில் ஒழுக, குழந்தைபோல் அழுது நடித்தபோது, அந்த நிலைக்கு யாரும் வரலாம் என்ற எண்ணம் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. மருத்துவர்களின் எந்தப் பரப்புரையும் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

அந்த வரிசையில் உச்சம் பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982). 1980 மே மாதம் நடிகை ஷோபா இறந்தபின் தன்னை வாட்டிய துயரமே இந்தப் படத்தின் வேர் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணை சீனு என்ற பள்ளி ஆசிரியன் பார்த்துக்கொள்ளும் கதை. இதன் தனிச்சிறப்பு இரண்டு மணி நேரத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. சோறூட்டுவது, குளிக்கவைப்பது, அடம் பிடிக்கும்போது பொறுத்துப்போவது, பொறுமை இழந்து கத்திவிட்டுப் பிறகு வருந்துவது என்று பராமரிப்பின் அன்றாடத்தை நேரம் எடுத்துக் காட்டிய தமிழ்ப் படம் இதற்கு முன்னும் பின்னும் அரிது. ஆனால் அந்தப் படமே தன் முடிவில் வழக்கமான தடத்துக்குத் திரும்புகிறது. நாட்டு வைத்தியர் ஒருவரின் சிகிச்சையில் அவளுக்கு நினைவு சட்டென்று மீள்கிறது. கேத்தி ரயில் நிலையத்தில் குட்டிக்கரணம் அடித்து, விழுந்து எழுந்து அவளுக்கு நினைவூட்டப் பார்க்கும் சீனு, அவள் கண்ணுக்குப் பைத்தியக்காரனாகத் தெரிகிறான். அந்தக் காட்சியின் வலிமையை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் அவனுடைய இழப்பைச் சொல்ல அவனைப் பித்தனின் உருவில் நிறுத்தித்தான் தீர வேண்டும் என்று அந்தப் படைப்பாளிக்கே தோன்றியிருக்கிறது. பராமரித்தவனின் துயரம் பராமரிப்பின் மொழியிலேயே சொல்லப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி நாற்பது ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

பாலு மகேந்திராவின் மாணவர் பாலா, 1999 டிசம்பரில் ‘சேது’ மூலம் இந்த வழக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனார். தலையில் பட்ட அடியால் மூளை பாதிக்கப்பட்ட சேதுவை ஒரு மடத்தில் சேர்க்கிறார்கள். சங்கிலியும் மொட்டையடித்த தலைகளும் வெறித்த கண்களும் நிறைந்த அந்த மடத்தைத் தமிழ்த் திரை அதுவரை இவ்வளவு அருகில் சென்று பார்த்ததில்லை. கட்டிப்போடப்பட்டவர்களுக்கு முகம் கொடுத்தது பாலாவின் கேமரா. இது சாதாரணச் சாதனை அல்ல. சேதுவாக நடித்த விக்ரமின் உடல் இளைத்த கோலத்தில் அலங்காரம் இல்லை. அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. பல ஆண்டுகளாக வாய்ப்புக்குக் காத்திருந்த நடிகர் ஒருவர் நட்சத்திரமானார். ஆனால் கதையின் ஓட்டத்தைக் கவனியுங்கள். சேதுவுக்குத் தெளிவு திரும்புகிறது. தன் காதலி அபிதாவைத் தேடி மடத்தைவிட்டு வெளியேறுகிறான். அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று அறிந்ததும், தானாகவே நடந்து போய் அந்த மடத்தின் வண்டியில் ஏறிக்கொள்கிறான். குணமானவன் தன் விருப்பத்தால் மறுபடி சிறைக்குள் போகிறான். அங்கே மடம் துயரத்தின் இயல்பான வீடாகிவிடுகிறது. சங்கிலியைக் கண்டு கொதிக்க வேண்டிய பார்வையாளர், அந்தச் சங்கிலிக்குள் காதலின் தூய்மையைக் கண்டு உருகுகிறார்.

‘சேது’ வந்து இருபது மாதங்களில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகம் எரிந்து 28 பேர் இறந்தார்கள். தீ பரவியபோது அவர்களால் ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரணை ஆணையம் அமைந்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்கிறது. ஏர்வாடித் தீக்கும் ஒரு திரைப்படத்துக்கும் முடிச்சுப் போடுவது அநியாயம். பாலா காட்டியது இருந்த நிலைமையை. நான் சொல்ல வருவது வேறு. அந்தத் தீக்குப் பிறகும், இத்தனை சட்டத் திருத்தங்களுக்குப் பிறகும், சங்கிலியில் இருந்த ஒருவரின் பக்கமிருந்து தமிழ் சினிமா பெரிய கதை எதையும் சொல்லவில்லை. அவரை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பத்தின் இயலாமை, மாதாமாதம் கட்டிய பணம், அருகில் மனநல மருத்துவர் இல்லாத வட்டாரம், தர்காவிலோ கோயிலிலோ கிடைத்த ஆறுதல் ஆகியவை எல்லாம் கதைகளே. காதலில் தோற்றவனின் கடைசிக் காட்சிக்கு மட்டுமே மடம் தேவைப்பட்டது. அது கிடைத்ததும் கேமரா வெளியே வந்துவிட்டது.

2004இல் இரண்டு படங்கள் இந்த வழக்கத்தை இரு திசைகளில் நகர்த்தின. பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ படத்தில் சாதி வெறியால் பிரிக்கப்பட்ட மெக்கானிக் முருகன், கடைசியில் போக்குவரத்து சிக்னலில் அழுக்கேறிய பித்தனாக நிற்கிறான். அவன் நிலைக்குச் சாதியே காரணம் என்று துணிந்து சொன்னது அந்தப் படத்தின் பெருமை. அவனுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்பவன் அவன் காதலித்தவளின் கணவன் என்பது அதைவிட அரிய பண்பு. செல்வராகவனின் ‘7ஜி ரெயின்போ காலனி’ இன்னும் நுட்பமானது. விபத்தில் இறந்த காதலி அனிதாவோடு நாயகன் கதிர் தொடர்ந்து பேசுகிறான். ஆனால் அவன் வேலைக்கும் போகிறான், சட்டையைத் தேய்த்துப் போடுகிறான், சக ஊழியர்களோடு சிரிக்கிறான். பார்க்கிறவர்கள் இதையும் பித்து என்றே எடுத்துக்கொண்டார்கள். மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. வேல்ஸ் நாட்டில் துணையை இழந்தவர்களை ஆராய்ந்து 1971இல் மருத்துவர் டெவி ரீஸ் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்ததாகவோ குரலைக் கேட்டதாகவோ கண்டதாகவோ சொல்லியிருந்தார்கள். அவர்களில் பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. இறந்தவர் சமையற்கட்டில் நடமாடுவதாக உணர்வது நோயல்ல, துயரத்தின் இயல்பு. செல்வராகவன் அறிந்தோ அறியாமலோ இந்த உண்மையைத் தொட்டிருக்கிறார். கதிரின் நிலையைச் சோக முடிவாகப் பார்க்கப் பழகிய கண்களுக்கு, அவன் வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்பது தெரியாமலே போய்விட்டது.

நோயை நோயாகவே பேசத் துணிந்த படங்களும் உண்டு. ஐஸ்வர்யா இயக்கிய ‘3’ (2012) இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னது; மருத்துவரைக் காட்டியது; காதல் தோல்வியோ அடியோ இல்லாமல் நன்றாக வாழும் ஒருவனுக்கும் இது வரலாம் என்றது. இது பெரிய முன்னேற்றம். கூடவே அந்தப் படம் நோயை மனைவியிடமிருந்து மறைப்பதை அன்பின் செயலாக்கியது. நோயாளியை வன்முறைக்கும் தற்கொலைக்கும் ஓட்டிச் சென்றது. மருந்து எடுத்துக்கொண்டு பல்லாண்டுகள் வேலை, குடும்பம் என்று வாழ முடிகிற நோய் அது. மனைவிக்குத் தெரிந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்ற எண்ணமே படத்தில் எழவில்லை. கௌதம் மேனனின் ‘வாரணம் ஆயிரம்’ (2008) எதிர்ப்புறத்திலிருந்து வந்தது. காதலி குண்டுவெடிப்பில் இறந்தபின் போதைக்கு அடிமையாகும் நாயகன் அதிலிருந்து மீள்கிறான். மீட்சியை ஒரு நட்சத்திரப் படம் இத்தனை நீளத்துக்குக் காட்டியதே நம்மிடம் அரிது. ஆனால் அந்த மீட்சி, வீட்டு அறையில் பூட்டிவைப்பதாலும் உடற்பயிற்சியாலும் மன உறுதியாலும் நடக்கிறது. போதை நீக்கத்தில் மருத்துவருக்கு உள்ள இடத்தைத் தாயின் கண்ணீர் எடுத்துக்கொள்கிறது. ஒரு படத்தில் மருத்துவம் இருந்தும் மீட்சி இல்லை; இன்னொன்றில் மீட்சி இருந்தும் மருத்துவம் இல்லை. இரண்டும் ஒரே கதையில் கூடிவர நம் திரைக்கதைகளில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். சினிமா மருத்துவப் பாடநூல் அல்ல. கலைஞனிடம் நோய்க்குறிப்பு கேட்பது கலையைக் கொல்லும் என்பார்கள். நோயின் பெயரைச் சரியாகச் சொன்ன படங்கள் நல்ல படங்களாகிவிடுவதில்லை என்பதும் உண்மைதான். 2005இல் ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளியில் வந்த ‘சந்திரமுகி’யும் ‘அந்நிய’னும் ஆளுமைப் பிளவை விளக்க நீண்ட வசனங்கள் பேசின, அந்த விளக்கங்களால் நோயாளி நமக்கு நெருங்கவில்லை, விசித்திரப் பொருளானார். எனவே நான் கேட்பது துல்லியமான நோய்ப்பெயரை அல்ல. துயரத்தின் காலத்தைப் பற்றிய உண்மையைக் கேட்கிறேன். துயரம் ஒரு நொடியில் மூளையை உடைத்துவிட்டு முடிந்துபோவதில்லை. அது மாதங்களாக, ஆண்டுகளாக நீள்கிறது. தணிகிறது, மீண்டும் கிளம்புகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேல் தீவிரம் குறையாமல் வாழ்க்கையையே முடக்கும் துயரத்தைத்தான் தனிக் கோளாறாகக் கணக்கில் எடுக்கிறது. அதாவது, பெரும்பாலான துயரம் நோயே அல்ல. துயரத்தை உடனே பித்தாக மாற்றும் திரைக்கதை மருத்துவத்தை மட்டும் தவறவிடவில்லை, காலத்தையும் தவறவிடுகிறது. காலத்தைத் தவறவிடுவது கலையின் குறைதான்.

இன்னொரு மறுப்பு வலுவானது. மிகையுணர்ச்சி நம் மரபு. ஒப்பாரி வைத்து அழுத சமூகத்திடம் அடங்கிய துயரத்தைக் கேட்பது மேற்கத்திய ரசனையைத் திணிப்பதாகும் என்பார்கள். ஒப்பாரியைச் சான்றாக எடுத்தால் அது என் வாதத்துக்கே துணை நிற்கிறது. சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழும்போது துயரம் தனிமையில் விடப்படுவதில்லை. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவள் தொடர்வாள். இறந்தவரின் குணம், கடன், சண்டை, பாசம் எல்லாம் பாட்டில் வந்துவிடும். பறை ஒலிக்கும், பிறகு ஓயும். பதினாறாம் நாள் காரியம் என்று அதற்கு ஓர் எல்லையும் உண்டு. அதன் பின் ஊர் அந்தக் குடும்பத்தை மெல்ல வேலைக்கும் விசேஷத்துக்கும் இழுத்துக்கொள்ளும். உரக்க அழுவதும் ஊரோடு அழுவதும் அந்த மரபின் இரு கைகள். சினிமா உரத்த குரலை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டது. தாடி வளர்த்து, பாட்டிலோடு, மழையில் தனியாக நிற்கும் ஆண் ஒப்பாரி மரபின் வாரிசு அல்லன். அவன் திரை உருவாக்கிய தனியன். நம் மரபுக்கு உண்மையாக இருக்கவேண்டுமென்றால் துயரத்தில் கூடும் மனிதர்களைத்தான் படமெடுக்க வேண்டும்.

அந்தத் தனியன் பெரும்பாலும் ஆண் என்பதும் தற்செயலானதல்ல. ஆணின் இழப்பு பித்தாகி நாடகமாகிறது. பெண்ணின் இழப்பு, அபிதாவைப்போல், ஒரு சாவாகக் கதையை முடித்துக்கொடுக்கிறது. பேதலித்த பெண் திரைக்கு வந்தால், ‘சந்திரமுகி’யின் கங்காவைப்போல், பேயின் சாயலில் அச்சமூட்ட வருகிறாள். இதற்கு அழகான விதிவிலக்கு மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986). காதலன் சுடப்பட்டு இறந்ததைச் சுமந்துகொண்டே இன்னொருவனுக்கு மனைவியாகும் திவ்யா பைத்தியமாவதில்லை. சிடுசிடுக்கிறாள், விலகுகிறாள், விவாகரத்து கேட்கிறாள், சமைக்கிறாள், டெல்லியின் தெருக்களில் சுற்றுகிறாள், ஒரு நாள் சிரித்தும்விடுகிறாள். அவள் துயரம் ஆழமற்றது என்று அந்தப் படத்தைப் பார்த்த எவரும் சொன்னதில்லை. பித்து இல்லாமலே துயரத்தின் எடையைத் திரையில் உணர்த்த முடியும், அந்தப் படம் மக்களாலும் விரும்பப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வணிகம் இடம் கொடுக்காது என்ற சாக்கும் இங்கே அடிபட்டுப்போகிறது.

‘மாஸ்டர்’ படத்துக்குத் திரும்பினால், இந்த வழக்கம் தேய்ந்துவிட்டது என்பதை நட்சத்திர சினிமாவே உணர்ந்திருப்பது தெரியும். குடிகாரப் பேராசிரியர் ஜேடியிடம் ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் அவர் ஏதாவது ஒரு காதல் படத்தின் கதையைத் தன் சோகமாகச் சொல்கிறார். எல்லோரும் நம்பி உருகுகிறார்கள். குடிக்கிற நாயகனுக்குப் பின்னால் இறந்துபோன காதலி இருந்தே ஆகவேண்டும் என்ற விதியை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் அங்கே உடைத்தார். அவரை உண்மையில் உலுக்கும் இழப்பு வேறு. சீர்திருத்தப் பள்ளியில் உதவி கேட்டு அழைத்த இரண்டு சிறுவர்கள், அவர் போதையில் கிடந்த இரவில் கொல்லப்படுகிறார்கள். குற்றவுணர்வு கலந்த அந்தத் துயரத்தில் அவர் குடியை நிறுத்துகிறார். துயரம் ஒருவரைப் பொறுப்புக்குத் திருப்பும் என்ற இந்த எண்ணம் மிக நல்லது. ஆனால் பல ஆண்டுக் குடி ஒரே முடிவில் நின்றுவிடுகிறது. துயரம் உடனே பழிவாங்கலாக மாறிவிடுகிறது. பித்துக்குப் பதில் சண்டை வந்ததே தவிர, துயரத்தோடு வாழும் காலம் இங்கேயும் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தைத் தேடிப்போன படங்கள் காதலை விட்டு வெளியே வந்த படங்களாக இருப்பது கவனிக்கத் தக்கது. மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024) அவரது சிறுவயதில் நேர்ந்த லாரி விபத்திலிருந்து பிறந்தது. வாழைத்தார் சுமக்கும் கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள், கூலியைக் கூட்டிய தரகர் ஆட்கள் போக வைத்த தனி வண்டியை நிறுத்திவிடுகிறார், தார் ஏற்றிய லாரியின் மேலேயே தொழிலாளர்கள் ஏறிப்போகிறார்கள், லாரி கவிழ்கிறது. அந்த ஒரு ரூபாயிலிருந்து சாவுவரை படம் காரணத்தை அடியடியாகக் காட்டுகிறது. சாவு வீட்டுக்குப் பசியோடு வந்து சேரும் சிறுவன் சோற்றை அள்ளித் தின்கிறான். துயரத்தின் நடுவே உடல் சோறு கேட்கும் என்ற உண்மையை இவ்வளவு கூசாமல் காட்டிய காட்சி நம்மிடம் வேறில்லை. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு முன்னோடி இருக்கிறது. பண்ருட்டி வட்டாரத்துப் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான், தன் நாவலையே ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ (2007) என்று படமாக்கினார். முந்திரியும் பலாவும் விளையும் அந்தச் செம்மண்ணில் ஆண்டு வாழ்ந்த மாதவ படையாட்சி வீட்டைவிட்டு வெளியேறுகிறார். நிலத்தையும் பிள்ளைகளையும் பிரிந்த முதியவரின் துயரத்தை சத்யராஜ் பித்தாக நடிக்கவில்லை. நடையிலும் பேச்சைக் குறைப்பதிலும் நடித்தார்.

நெய்வேலியின் துயரங்கள் இந்த இரண்டு படங்களின் இனத்தைச் சேர்ந்தவை. ஒன்று வேலையில் நேரும் சாவு; மற்றது மண்ணை இழப்பது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து பழுப்பு நிலக்கரிக்காக ஊர்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் இரண்டாம் சுரங்கத்துக்கான கால்வாய்க்காக, நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியைச் செய்திகளில் பார்த்து மாநிலமே பதறியது. பதற்றம் சில வாரங்களில் அடங்கியது. பயிரை இழந்தவரின் அடுத்த ஆண்டு எப்படிக் கழிந்தது என்பது செய்தியாகாது. அது கதை சொல்கிறவர்களின் வேலை. அதுபோலவே, கொதிகலன் விபத்தில் இறந்த ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை, கருணை அடிப்படையில் வேலை, கணவன் போய்வந்த அதே வாயிலில் அடையாள அட்டை காட்டி நுழைவது என்று துயரத்துக்கு ஒரு நீண்ட அலுவலகப் பாதை உண்டு. வட்டம் வட்டமாகப் பிரிந்த நகரியத்தில் நிரந்தரத் தொழிலாளிக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, மருத்துவமனை உண்டு. வேலியை ஒட்டிய கிராமத்து ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவை எட்டுவதில்லை. யார் மனமுடைந்தால் யார் கவனிப்பார்கள் என்பதை இந்த வேறுபாடும் தீர்மானிக்கிறது. இவ்வளவையும் பித்து என்ற ஒற்றை உருவில் அடக்கிவிட முடியாது. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி குறும்படப் போட்டி நடத்திப் பரிசளித்துவந்த ஊர் இது. பெரும் படங்களுக்குச் சந்தை விதிக்கும் தளைகள் குறும்படத்துக்குக் கிடையாது; இவ்வூரின் துயரத்தை முதலில் சொல்லவேண்டிய இடம் அதுதான்.

கடைசியாக ஒரு மறுப்பு மிஞ்சுகிறது: இப்படிப்பட்ட படங்களால் என்ன மாறிவிடும்? 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதோவொரு மனநலக் கோளாறோடு வாழ்ந்தார்கள். நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. மருத்துவர் பற்றாக்குறையைத் திரைப்படம் தீர்க்காது. ஆனால் சிகிச்சைக்குப் போகாததற்குப் பற்றாக்குறை மட்டுமே காரணமல்ல. போனால் பைத்தியம் என்ற பெயர் நிலைத்துவிடும், போயும் பயனில்லை என்ற இரண்டு நம்பிக்கைகளும் காரணம். முதலாவதை ஓரளவு அசைத்ததில் ‘எங்கிருந்தோ வந்தாள்’ முதல் ‘சேது’ வரையிலான படங்களுக்குப் பங்குண்டு; அந்த நன்றியை மறக்கக் கூடாது. இரண்டாவதை வலுப்படுத்தியதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அந்தக் கணக்கையும் கேட்கத்தான் வேண்டும். உடைந்த மனிதருக்காக அழ நம் சினிமா கற்றுத்தந்தது. உடைந்தபின்னும் ஒருவர் மருந்து வாங்கி, வேலைக்குப் போய், இறந்தவரை நினைத்து, மீண்டும் ஒருமுறை பொங்கல் வைத்து வாழ்வதில் காதலைவிடக் குறையாத கதை இருக்கிறது என்று அது இனி நம்ப வேண்டும். பார்வையாளர்களாகிய நாமும் பித்தில் முடியாத துயரத்தைச் சோகம் போதவில்லை என்று தள்ளாமல் இருந்து பார்க்கப் பழக வேண்டும்.